பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும் சீடிகளை எப்படிக் காப்பாற்றுவது

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்ற ஆட்களுக்கும் விளங்கட்டும். வீட்டில் ஒரு பிஸ்கட் ரின் நிறைய எழுபது வரையில் சீடி, டிவிடி கிடக்கின்றன. அக்காவின் கலியாண வீடு, தங்கச்சியின் சாமத்திய வீடு, கசெட்டில் இருந்து மாற்றின அம்மம்மாவின் பாட்டு, கனடா மாமா 2007இல் வந்தபோது எடுத்த சின்னச் சைஸ் டிஸ்குகள். புது லப்டொப்பில் டிரைவ் இல்லை. என்ன டிரைவ் வாங்குவது, சிலது ஓடாமல் நிற்பது ஏன், பற்பசை பூசினால் சரிவருமா, எடுத்த பிறகு திரும்ப டிவிடியில் எழுதி வைக்கலாமா. இவ்வளவும்தான் கேள்வி.

முதலில் ஒன்று. ஒரு டிரைவ் வாசிக்கவில்லை என்பதால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். நான் கடந்த சில வருடத்தில் சொந்தக்காரர், அயலட்டை என்று இருநூறுக்கு மேல் டிஸ்க் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "இது போச்சு" என்று சொல்லித் தந்தவற்றில் பாதிக்கு மேல் போகவில்லை. ஊத்தை பிடித்திருந்தது, அல்லது அவர்களுடைய டிரைவின் கண் மங்கியிருந்தது, அல்லது கொப்பி எடுத்த முறை பிழை.

டிரைவ். யூஎஸ்பியில் கொழுவும் மெல்லிய டிவிடி ரைட்டர் போதும், புளூரே தேவையில்லை, உங்களிடம் புளூரே டிஸ்கே இல்லையே. எந்தக் கொம்பனி என்பதைவிடப் பெரிய விசயம் மின்சாரம். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மோட்டர் ஒரு இழுவை இழுக்கும், யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஅம்பியர், 3.0 தருவது 900. மெல்லிய டிரைவ் அந்த நேரத்தில் அதைவிடக் கூடக் கேட்கும். அதனால்தான் சில டிரைவோடு இரட்டைத் தலை வயர் வரும், இரண்டையும் கொழுவுங்கள். நீட்டு வயர், மலிவு யூஎஸ்பி ஹப் இரண்டும் வேண்டாம். டிஸ்க்கைப் போட்டால் "டிக், டிக்" என்று தொடங்கித் தொடங்கி நின்றுவிடுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் நான் முதலில் மாற்றிப் பார்ப்பது வயரைத்தான்.

இன்னொரு சின்ன விசயம், சிரிக்காதீர்கள். மெல்லிய டிரைவில் டிஸ்க்கைத் தட்டில் சும்மா வைத்துத் தள்ளினால் ஓடாது. நடுவில் இருக்கும் குமிழில் இரண்டு விரலால் அமத்தவேணும், "டக்" என்று பிடிக்கும். மேசைக் கொம்பியூட்டரின் பெரிய டிரைவில் பழகின ஆட்கள் இதிலேதான் பிழை விடுவார்கள்.

பெரிய டிரைவ் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ துணி போர்த்தபடி ஒரு பழைய மேசைக் கொம்பியூட்டர் நிற்கிறதா? அதை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் டிரைவ் சாட்டா (உள்ளே மெல்லிய தட்டை வயரால் கொழுவுகிற வகை) என்றால் அதுதான் உங்களுடைய இரண்டாவது டிரைவ். என் அனுபவத்தில் கீறல் விழுந்த டிஸ்க்குகளை அந்தத் தடித்த டிரைவுகள்தான் நன்றாக வாசிக்கின்றன. லப்டொப்பில் கொழுவுவதென்றால் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் வயரோடு 12 வோல்ட் சார்ஜர் தனியாக வருகிற வகையைக் கேட்டு வாங்குங்கள், யூஎஸ்பி தரும் 5 வோல்ட் மட்டும் அதற்குக் காணாது. ஏன் இரண்டு டிரைவ் என்று பிறகு சொல்கிறேன்.

இனி டிஸ்க் ஏன் வாசிக்கவில்லை என்பது. சீடி, டிவிடி இரண்டும் 12 சென்ரிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் உள்ளே வேறு. சீடியில் வெள்ளிப் படலம் இருப்பது மேற்பக்கம், எழுத்து அச்சடித்த பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான் அதற்குக் காவல். டிவிடியில் 0.6 மில்லிமீற்றர் தகடு இரண்டை ஒட்டி நடுவில் வைத்திருப்பார்கள். ஆகவே சீடியின் பளபளக்கும் பக்கத்தில் விழும் கீறல் கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி, பார்க்க இடைஞ்சல்தான், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். மேற்பக்கத்தில் போல்பொயின்ட் பேனையால் அழுத்தி "மதி கலியாணம் 2" என்று எழுதினால் விசயத்தின் மேலேயே எழுதினமாதிரி.

இதை நான் படித்து அறிந்ததைவிடப் பட்டு அறிந்ததுதான் கூட. பெரியம்மாவின் மகளுடைய கலியாணம் 2004, மூன்று வீசீடி, அதாவது சீடியிலேயே வீடியோ எழுதினவை. ஸ்ரூடியோக்காரர் மாப்பிள்ளை பொம்பிளை படத்தைத் தாளில் அடித்து வட்டமாக வெட்டி மேலே ஒட்டியிருந்தார், அந்த நாளில் எல்லாரும் செய்த வேலை. வெக்கைக்குத் தாளின் ஓரம் எழும்பியிருந்தது, டிரைவுக்குள் போனதும் வண்டு இரைவது போல ஒரு சத்தம். எனக்கு அவசரப்புத்தி, தாளை உரித்தால் சமநிலை வந்துவிடும் என்று நினைத்து நகத்தால் பிடித்து இழுத்தேன். தாளோடு வெள்ளியும் சேர்ந்து உரிந்து வந்தது. டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தால் அதற்குள்ளால் மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது. தாலிகட்டு அந்தத் துண்டில்தான் இருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒட்டின தாளை உரிக்கவே வேண்டாம், எழும்பிய ஓரத்தை மட்டும் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டிவிட்டு, வேகம் குறைத்து வாசியுங்கள்.

கழுவுவது எப்படி. சாரத்தின் தலைப்பால் வட்டமாகத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். டிஸ்க்கில் பதிவு ஓடுவது வட்டமாக, நீங்கள் வட்டமாகத் தேய்த்து விழுத்தும் கீறல் ஒரே தடத்தில் நீளமாக விழும், டிரைவுக்குத் திருத்திக்கொள்ள இடமே இருக்காது. நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தால் கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு தடத்தையும் ஒரு புள்ளியில் மட்டும் வெட்டும், அந்தளவைத் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, கை சூடு தாங்கும் தண்ணீர், விரல் நுனியால் மெல்ல. குளிக்கிற சவர்க்காரம் படலம் விட்டுவிடும். பிறகு கடைசி அலசல்: அதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியுமே, அதே வெள்ளைப் பொட்டு டிஸ்க்கிலும் காயும். மழைத்தண்ணியோ போத்தல் தண்ணியோ ஒரு கோப்பை காணும். பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்து, வெயிலில் வைக்காமல் காய விடுங்கள்.

பற்பசை? அது மெல்லிய அரத்தாள் மாதிரித்தான், பளபளக்கும் பக்கத்தின் கீறலைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கைத் தேய்த்து மட்டமாக்கும். சில நேரம் வேலை செய்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் கைமருந்து. கழுவி, இரண்டு டிரைவில் போட்டு, கீழே சொல்கிற மாதிரி எடுத்தும் பார்த்து, அதற்குப் பிறகும் வராவிட்டால் மட்டும். எழுத்துப் பக்கத்தில் ஒருபோதும் இல்லை.

இன்னொரு வகைச் சாவு இருக்கிறது, அதற்குக் கழுவல் உதவாது. வீட்டிலும் ஸ்ரூடியோவிலும் எழுதின டிஸ்க்கில், தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க்கில் இருக்கிறமாதிரிக் குழி கிடையாது, ஒரு சாயப் பூச்சை லேசரால் சுட்டு அடையாளம் வைத்திருக்கும். வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல் தட்டில் இருந்த ரின் என்றால் யோசித்துப் பாருங்கள். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு வந்த டிஸ்க்கும் ஒரு மாதிரி, 2006 ஓகஸ்டில் பாதை பூட்டிய பிறகு ஸ்ரூடியோக்காரருக்குக் கிடைத்த டிஸ்க்கும் ஒரு மாதிரி. எது கையில் வந்ததோ அதில்தானே எழுதினார்கள். என்னிடம் வந்தவற்றில் அந்த இரண்டு மூன்று வருடத்து டிஸ்க்குகள்தான் கூடச் சிணுங்குகின்றன. அதனால் உங்கள் ரின்னில் 2006க்கும் 2009க்கும் இடைப்பட்டவை எவை என்று முதலில் பிரித்து எடுங்கள்.

டிஸ்க் எழுதப்படுவது உள்ளிருந்து வெளியே. விரல் படுவதும், ஒட்டின தகடு இரண்டும் விலகத் தொடங்குவதும் வெளி ஓரத்தில். அதனால்தான் வீடியோ முக்கால்வாசி நன்றாக ஓடிவிட்டு, சாப்பாட்டுப் பந்தியிலோ பொம்பிளை மாப்பிள்ளை கால்மாறிப் போகிற இடத்திலோ கட்டங்கட்டமாக உடையும்.

சரி, கொப்பி எடுப்பது. இங்கேதான் கனக்கப் பேர் நட்டப்படுகிறார்கள். முதலில் டிஸ்க்கைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பாட்டுச் சீடி என்றால் விண்டோஸில் "டிராக் 01" என்று வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டும். அதை அப்படியே பென் டிரைவுக்கு இழுத்துவிட்டு, "அம்மம்மாவின் பாட்டு எல்லாம் எடுத்தாச்சு" என்று சீடியை எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த 1 கேபிக்குள் பாட்டு இல்லை, பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற முகவரி மட்டும்தான். பாட்டுச் சீடியில் கோப்பு என்று ஒன்றே கிடையாது, ஒலியைப் பிரித்து எடுக்கவேணும். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருள் சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிட்டு எடுக்கும். எம்பி3 வேண்டாம், ஃபிளாக் ஆக எடுங்கள், ஒலி ஒரு துளியும் குறையாது. கசெட்டின் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும், அதை அழிக்கப் போனால் அம்மம்மாவின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

வீசீடி என்றால் "எம்பெக்ஏவி" என்ற ஃபோல்டருக்குள் டாட் என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். இதில் ஒரு சூட்சுமம். சாதாரண டேட்டா சீடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் விசயமும் அதற்கு மேல் பிழை திருத்தும் பகுதியும் இருக்கும். வீசீடியில் வீடியோ கூடக் கொள்ளட்டும் என்று அந்தத் திருத்தும் பகுதியையும் எடுத்து 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். ரிவியில் ஓடும்போது ஒரு துண்டு போனால் பிளேயர் தாண்டிப்போகும், எங்களுக்குத் தெரியாது. ஆனால் விண்டோஸ் கொப்பி எடுக்கும்போது ஒரு துண்டு வரவில்லை என்றால் அங்கேயே நின்று, அதுவரை எடுத்ததையும் அழித்துவிட்டுப் போகும். எனவே பிளேயரில் ஓடுகிற வீசீடி கொப்பியில் அடம்பிடித்தால் அதிசயப்படாதீர்கள். ஐஎஸ்ஓபஸ்டர் மாதிரி, வராத துண்டை விட்டுவிட்டு மேலே போகிற மென்பொருளால் எடுங்கள். எடுத்த டாட் கோப்பு விஎல்சி என்ற இலவச பிளேயரில் அப்படியே ஓடும். வீசீடியை ஐஎஸ்ஓ ஆக, அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக, எடுக்க முயற்சிக்காதீர்கள், சரிவராது.

டிவிடி என்றால் "வீடியோ டிஎஸ்" ஃபோல்டரும் உள்ளே ஏறத்தாழ 1 ஜிபி கொண்ட வொப் கோப்புகளும். நல்ல டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கையும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள், விண்டோஸில் ஐஎம்ஜிபேர்ன் என்ற மென்பொருள் காணும். கோப்புக் கோப்பாக இழுப்பதில் ஒரு பொட்டுப் பிழைக்காக முழு 1 ஜிபியும் போய்விடலாம். 8 மடங்கு வேகத்தில் நிறைந்த டிஸ்க் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போகும்.

சிணுங்குகிற டிவிடிக்குத்தான் நான் இரண்டு டிரைவ் என்று சொன்னது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் போட்டு லப்டொப்பை அதிலிருந்து தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவுங்கள். கறுப்புத் திரையில் கட்டளை எழுதவேணும், பயப்படாதீர்கள், ஒரு வரிதான். கட்டளையில் துண்டின் அளவை 2048 என்று சொல்லவேணும், அதை மறக்காதீர்கள். அது செய்கிற வேலை இப்படி: நிறைந்த டிவிடியில் 2048 பைட் துண்டுகள் கிட்டத்தட்ட 23 லட்சம். வருகிறவற்றை முதலில் வேகமாக அள்ளிவிடும், வராத இடத்தைத் தாண்டிப் போய் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். பிறகு அந்த ஓட்டைகளுக்கு மட்டும் திரும்பிப் போய்ச் சுரண்டும். இடையில் நிற்பாட்டலாம், கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். இனித்தான் விசயம்: அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மற்ற டிரைவில் போட்டால், முதல் டிரைவ் விட்ட ஓட்டைகளை மட்டும் இது நிரப்பும். ஒவ்வொரு டிரைவுக்கும் லேசரின் பலமும் கண்ணின் கூர்மையும் வேறு, ஒன்று காணாததை மற்றது காணும். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் டிஸ்க்கில் மெல்லிய டிரைவ் 41 எம்பி எடுக்காமல் விட்டது. பழைய தடித்த டிரைவில் இரவு முழுக்க விட்டேன், காலையில் 300 கேபி பாக்கி. வீடியோவில் அது ஒரு இடத்தில் மாமியின் முகம் அரைச் செக்கன் கட்டம்விழுவது, அவ்வளவுதான்.

எடுத்த ஐஎஸ்ஓவை அழிக்காதீர்கள், அதுதான் மூலம். வீட்டில் பார்க்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி எல்லாருக்கும் அனுப்புங்கள், மாற்றும்போது டீஇன்டர்லேஸ் என்ற தெரிவை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் நடனம் ஆடுகிற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஸ்ரூடியோ டிஸ்க்கில் பூட்டு ஒன்றும் இராது. விண்டோஸ் 8இல் இருந்து டிவிடி ஓட்டுகிற வசதியை மைக்ரோசொஃப்ட் சாதாரண விண்டோஸோடு தருவதில்லை, ஆகவே "டிரைவ் பழுது" என்று நினைக்க முதல் விஎல்சியைப் போட்டுப் பாருங்கள்.

திரும்ப டிவிடியில் எழுதுவதா? நான் செய்யமாட்டேன். 4.7 ஜிபி என்று எழுதியிருப்பதைக் கொம்பியூட்டர் 4.37 என்று காட்டும், கணக்கு முறை வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை. எழுபதும் நிறைந்த டிவிடியே என்றாலும் மொத்தம் 330 ஜிபிக்குள். 1 டிபி கொண்டு திரியும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை வேறு வீட்டிலும் வையுங்கள், கனடா மாமா அடுத்தமுறை வரும்போது ஒரு கொப்பி அவர் பெட்டிக்குள் போகட்டும். நல்ல எழுதும் டிஸ்க் தேடிப் பிடிப்பதும் வரவரக் கஷ்டம், சோனி 2025 பெப்ரவரியோடு எழுதும் புளூரே செய்வதையே நிற்பாட்டிவிட்டது. அப்படியும் டிஸ்க்கில்தான் வேணும் என்று அம்மா நின்றால் எம்டிஸ்க் என்ற வகையைத் தேடுங்கள், அதில் சாயத்துக்குப் பதிலாகக் கல்லுப் போன்ற ஒரு படலம், டிரைவும் அதை எழுதக்கூடியதாக இருக்கவேணும். எழுதுவதை பற்றரி உள்ள லப்டொப்பில் செய்யுங்கள். பாதி எழுதும்போது கரண்ட் போனால் கிடைப்பது தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற தட்டுத்தான்.

எடுத்து முடித்த டிஸ்க்குகளைக் குருவி கலைக்க முந்திரிகைப் பந்தலில் கட்டுங்கள், நான் வேண்டாம் என்கவில்லை. முழுதாக வராதவற்றை மட்டும் வைத்திருங்கள், வேறொருவரின் டிரைவில் நாளைக்கு வரலாம்.

கடைசியாக அந்தச் சின்னச் சைஸ் டிஸ்குகள். 8 சென்ரிமீற்றர், 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணித்தியாலம் அளவுதான் கொள்ளும், ஹண்டிகாம் என்ற கைவீடியோக் கமரா எழுதினவை. தட்டு வெளியே வராமல் வாயால் விழுங்குகிற வகை டிரைவுக்குள் இவற்றைப் போட்டுவிடாதீர்கள், திரும்ப எடுக்கக் கழற்றவேண்டி வரும். தட்டு உள்ளதில் நடுவில் உள்ள சின்னப் பள்ளத்தில் வைக்கவேணும். லப்டொப் "வெறும் டிஸ்க்" என்று சொன்னால் நம்பாதீர்கள், பின்பக்கத்தைச் சரித்துப் பாருங்கள், எழுதின பகுதி நிறம் மாறி வளையமாகத் தெரியும். எழுதி முடித்ததை மூடிக்கட்டாமல் விட்டால் அப்படித்தான் காட்டும், எடுத்த கமராவிலேயே போட்டு "ஃபைனலைஸ்" கொடுத்தால் திறக்கும். கமரா இல்லையென்றால் ஐஎஸ்ஓபஸ்டர் பல நேரம் உள்ளே போய் எடுத்துவிடுகிறது. ஆனாலும் முதலில் மாமாவுக்கு ஒருக்கா போன் எடுத்து, அந்தக் கமராவும் சார்ஜரும் இன்னும் கிடக்கிறதா என்று கேளுங்கள்.